இரட்டைப் பிள்ளைகளும் செவிலித்தாயும்



வல்ல ரஹ்மானைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி, இம்முறை ஒரு வீட்டுக் காரியத்தைப் பற்றிப் பேச முற்படுகிறோம். தொழுகை, நோன்பு, ஜக்காத் பற்றி இப்பகுதியில் எழுதினால் மரியாதையோடு வாசிக்கும் நம்மவர்கள், பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதைப் பற்றி எழுதினால், “இது வீட்டுப் பெண்களின் பேச்சல்லவா, இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை?” என்று கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பகரா சூராவின் 233ஆம் வசனம், திருக்குர்ஆனின் நீண்ட வசனங்களுள் ஒன்று. அது முழுக்க முழுக்கப் பால்குடிப் பிள்ளையைப் பற்றியும், தாய் தந்தையின் கடமையைப் பற்றியும், பிறரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் முறையைப் பற்றியும் பேசுகிறது. அல்லாஹு தஆலா அவ்வளவு விரிவாகப் பேசிய விஷயத்தை நாம் அடுக்களைப் பேச்சு என்று தள்ளிவிடலாகாது.

நம் யோங் பெங் வழிகள் கூடும் ஊர். பத்து பகாட்டுக்கும் குளுவாங்குக்கும் சிகாமாட்டுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் இங்கிருந்து சாலை போகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் நிறைவேறுவதற்கு முன்னிருந்தே, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர்கள் இறங்கித் தேநீர் குடிக்கும் ஊராக இருந்தது. நம் முன்னோர்கள் இந்நாட்டில் கடை வைத்த காலத்தில், பெரும்பாலோர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத் தனியாக வந்தார்கள். பிரசவம் அங்கே நடந்தது. தந்தி இங்கே வந்தது. பிள்ளையைத் தூக்க உம்மா, பெரியம்மா, மாமி, ராத்தா என்று பத்துப் பேர் அங்கே இருந்தார்கள். இன்று மனைவி மக்கள் நம்மோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பத்துப் பேர் இல்லை. மனைவியின் தாய் வீடு தமிழ்நாட்டிலோ பினாங்கிலோ இருக்கிறது. கணவரோ காலையில் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் கதவைச் சாத்துகிறார். இந்த வீட்டில் ஆண்டவன் ஒன்றுக்கு இரண்டாகப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். குறைத்து எட்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, துணி மாற்றிக் கிடத்துவதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு பிள்ளைக்கு 6 மணி நேரம். இரண்டு பிள்ளைகளுக்கு 12 மணி நேரம். இரவு பகல் சேர்ந்த 24 மணியில் பாதி, பால் கொடுப்பதிலேயே போய்விட்டது. மீதியில் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். தாய் குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், உறங்க வேண்டும். அத்துடன் இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன்பே பிறந்துவிடுகிறார்கள். இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான எடையோடு வீட்டுக்கு வருவது சகஜம். இப்படிப்பட்ட பிள்ளைகள் பால் குடிப்பதிலும் மெதுவாகவே இருப்பார்கள்.

இந்த வீட்டுக்கு ஒரு பெண்ணை வரவழைத்து, “இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள், சமையலும் உன்னுடையதுதான், துணியைத் துவைத்துப் போடு, சாயங்காலம் கடைப் பாத்திரமும் கொஞ்சம் வரும்” என்று சொல்லும் முதலாளிகளை நாம் அறிவோம். இந்நாட்டில் 1984ஆம் ஆண்டுக் குழந்தை பராமரிப்பு நிலையச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சமூக நல இலாகாவில் பதிந்துகொண்ட ‘தாஸ்கா’ எனும் காப்பகங்களில், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரு பணிப்பெண் இருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளைப் பார்ப்பதே அவளுடைய வேலை. மாலையானதும் அவள் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே சட்டம் மூன்று என்று நிறுத்துகிறது. நம் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு முழுக் குடும்பத்தையும், கடையின் அரைப் பாகத்தையும், இரவு விழிப்பையும் ஒருத்தியின் தலையில் ஏற்றினால், குறைவது அவளுடைய ஓய்வு மட்டுமல்ல, பிள்ளைகளின் பாதுகாப்பும்தான்.

ஆகவே, யாரை வைப்பது என்று கேட்பதற்கு முன்னால் எதற்காக வைக்கிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். நம் அபிப்பிராயம் இது: இரட்டைப் பிள்ளைகளின் வீட்டில் முதல் மூன்று மாதங்கள் பணிப்பெண் தாய்க்குத் துணையாகவே இருக்க வேண்டும், தாய்க்குப் பதிலாக அல்ல. ஒரு பிள்ளை தாயின் மடியில் பால் குடிக்கும்போது மற்றதை ஏந்திக்கொள்ளவும், தாய் உறங்கும்போது விழித்திருக்கவும் ஒரு கை வேண்டும். சமையலுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். நம்மில் எத்தனை பேர் சாப்பாட்டுக் கடையே வைத்திருக்கிறோம்! ஊருக்கெல்லாம் பரிமாறும் சோற்றில் ஒரு தூக்கு வீட்டுக்கும் போகட்டும்.

நிற்க. யாரை வைப்பது என்பதற்கு வருவோம்.

அல்கஸஸ் எனும் 28ஆம் சூராவை நம்மில் பலர் ஓதியிருப்போம். அதில் ஆள் வைக்கும் செய்தி இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டிலும் இருப்பவர் மூஸா (அலை) அவர்களே. முதலில் கைக்குழந்தையாக, பிறகு கூலிக்கு நிற்கும் வாலிபராக. குழந்தை மூஸாவை ஆற்றிலிருந்து எடுத்த பிர்அவ்னின் வீட்டார் பால் கொடுக்க ஆள் தேடினார்கள். அரண்மனைக்குச் செவிலிகளுக்கா பஞ்சம்? ஆனால் பிள்ளை யாரிடமும் வாய் வைக்கவில்லை. அப்போது, தொலைவிலிருந்து கவனித்து வந்த சகோதரி அங்கே வந்து ஒரு வீட்டைச் சிபாரிசு செய்கிறார். அந்தச் சிபாரிசில் இரண்டு தகுதிகள்தாம் இருந்தன: அந்த வீட்டார் பிள்ளையின் பொறுப்பை ஏற்பார்கள், பிள்ளைக்கு உண்மையாக நலம் நாடுவார்கள். குலப் பெருமையோ, கூலி மலிவு என்ற பேச்சோ அதில் இல்லை. அதன் பயனாகப் பிள்ளை பெற்ற தாயின் மடிக்கே திரும்பியது.

அதே மூஸா (அலை) பெரியவராகி மத்யன் ஊரில் அகதியாக நிற்கிறார்கள். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்கு உதவுகிறார்கள். அப்பெண்களில் ஒருவர் தகப்பனாரிடம் போய், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வைக்கத் தக்க ஆள் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே என்ற கருத்தில் சொல்கிறார். தகப்பனார் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்: எட்டு வருட வேலை, பத்தாக்கினால் அது உம் விருப்பம், உமக்குக் கிடைப்பது இன்னது, உம்மைச் சிரமப்படுத்த எனக்கு எண்ணமில்லை. வியாபாரிகளே, இதைவிடத் தெளிவான வேலை ஒப்பந்தத்தை எங்கே கண்டீர்கள்? தவணை உண்டு, பிரதிபலன் உண்டு, முதலாளியின் உறுதிமொழியும் உண்டு.

இதில் கவனிக்கத் தக்கது ஒன்று. அந்தப் பெண் சிபாரிசு செய்தது காதால் கேட்டதை வைத்தல்ல. வேலை செய்வதைக் கண்ணால் கண்ட பிறகு. நாமோ ஏஜெண்டு காட்டும் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறோம். ஒரு மூட்டை அரிசி வாங்கினால் கம்பியால் குத்திக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவோமா? இரட்டைப் பிள்ளைகள் என்பது பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே ஸ்கேனில் தெரிந்துவிடுகிறது. ஆளைத் தேட அதுவே தருணம். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அவள் வீட்டுக்கு வந்து பழகட்டும். முன்பு வேலை செய்த வீட்டாரிடம் நேரில் கேளுங்கள். கைக்குழந்தையைத் தூக்குமுன் கை கழுவுகிறாளா, தலையைத் தாங்கிப் பிடிக்கிறாளா என்று வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதால் நீ என்ன செய்வாய்? “எனக்கு எல்லாம் பழக்கம், நான் ஒருத்தியே சமாளிப்பேன்” என்பவளைவிட, “ஒன்றைத் தொட்டிலில் கிடத்திவிட்டு மற்றதைப் பார்ப்பேன், முடியாவிட்டால் உங்களைக் கூப்பிடுவேன்” என்பவளே நமக்கு வேண்டியவள். களைப்பும் ஆத்திரமும் யாருக்கும் வரும். ஆத்திரத்தில் பச்சைப் பிள்ளையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகும். கிடத்திவிட்டு வெளியே வந்து மூச்சுவிடத் தெரிந்தவள், கூப்பிட வெட்கப்படாதவள், அவளே நம்பிக்கைக்குரியவள். கூப்பிட்டால் திட்டு விழாது என்று அவளுக்குத் தெரியும்படி நடந்துகொள்வது நம் பொறுப்பு.

தேர்ந்தெடுப்பது யார்? பகராவின் அந்த 233ஆம் வசனத்தில் தாய் தந்தை இருவரும் மனமொத்து, கலந்து ஆலோசித்து முடிவு செய்வதைப் பற்றி இறைவன் பேசுகிறான். பிள்ளையின் பெயரால் தாய்க்கும் துன்பம் நேரக் கூடாது, தந்தைக்கும் நேரக் கூடாது என்கிறான். கடைக்கு ஆள் எடுப்பதுபோல, கணவர் தனியே பேசி முடித்து, “நாளைக்கு ஒரு ஆள் வருகிறது” என்று இரவில் வந்து அறிவிப்பது ஆலோசனை ஆகாது. நாள் முழுதும் அந்தப் பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் இருக்கப்போவது மனைவிதான். அவருக்கு மனம் ஒப்பாத ஆளை, சம்பளம் மலிவு என்பதற்காகத் திணிக்க வேண்டாம். அதேபோல, மனைவிக்கு ஒத்துவந்த பெண்ணை, கணவரின் தாயார் ஊரிலிருந்து போனில் குறை சொன்னார் என்பதற்காக மாற்றவும் வேண்டாம்.

நம் ஊரில் கிடைக்கும் வழிகளைப் பார்ப்போம். உறவில் ஒரு மூத்த பெண்மணி வந்து இருந்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் நாற்பது கழியும் வரையே அவர்களால் இருக்க முடியும். முதுமையில் இரவு விழிப்பு ஆகாது. ஊரிலிருந்து ஏழை உறவுக்காரப் பெண்ணை வருகைப் பாஸில் அழைத்து வந்து வேலைக்கு வைத்துக்கொள்வது என்று ஒரு வழக்கம் உண்டு. அதை அடியோடு விட்டுவிடுங்கள். செல்லுபடியாகும் வேலைப் பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டப்படி தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதற்கும் மேலாக, பிடிபடுவோமோ என்ற பயத்தில் இருக்கும் பெண் நோயென்றாலும் வெளியே சொல்லமாட்டாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியை, “நம் பிள்ளைபோல வளரட்டும்” என்று கொண்டு வந்து, இரண்டு பச்சைப் பிள்ளைகளை அவள் இடுப்பில் ஏற்றுவதைப் பற்றி என்ன சொல்ல! பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது அது. அவளே ஒரு அமானிதம்.

அண்டை வீட்டு மலாய்க்கார மக்சிக் ஒருவர், பிள்ளைகளை வளர்த்து முடித்தவர், பகலில் வந்து போக இசைந்தால் அது பெரிய பாக்கியம். தோட்டப் புறத்துத் தமிழ்ப் பெண்மணிகளில் கைராசிக்காரர்கள் பலர் உண்டு. பால் வெட்டப் போகும் தாய்மார் விடியுமுன் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போன காலத்தில், ஒரே கையால் பல பிள்ளைகளை ஆற்றித் தேற்றிய பரம்பரை அது. இந்த இடத்தில் சிலர், “அவர் நம் மார்க்கத்தவர் அல்லவே, பிள்ளையை ஒப்படைக்கலாமா?” என்று தயங்குகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனாவுக்குப் புறப்பட்டபோது, வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியது அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவரை. அவர் அப்போது இஸ்லாத்தில் இல்லை. தலைக்கு விலை பேசப்பட்டிருந்த நேரத்தில், தம் உயிரையும் தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உயிரையும், ஒட்டகங்களையும் அவர் வசம் ஒப்படைத்தார்கள். பாதை அறிந்தவர், நம்பத் தக்கவர் என்பதே அங்கே பார்க்கப்பட்டது. வீட்டில் ஹலாலான உணவே புழங்கும் என்பதை முதலிலேயே இதமாகச் சொல்லிவிட்டால் போதும். பிள்ளைக்குக் கலிமாவைச் சொல்லிக் கொடுப்பது தாய் தந்தையின் வேலை. அதைச் சம்பளத்துக்கு விட நினைப்பதே தவறு.

வீட்டிலேயே தங்கும் பெண்ணாக இருந்தால் அவளுக்கென்று உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும். மனைவி கிளினிக்குக்குப் போன வேளையில், கணவர் மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து நிற்கலாகாது. அன்னிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. முதலாளி என்பதால் அந்தத் தடை தளர்ந்துவிடாது. அன்று கடையிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

இனி, நம்மவர்கள் மிகவும் அசட்டையாக இருக்கும் ஒரு விஷயம். இரட்டையரில் ஒன்றுக்குப் பால் போதவில்லை. பக்கத்து வீட்டுத் தாய் ஒருவர், கைக்குழந்தைக்காரர், பிரியத்தோடு வாங்கிப் பால் கொடுத்துவிடுகிறார். நல்ல காரியம்தான், பிறர் பால் கொடுக்க மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் அந்தக் கணமே ஓர் உறவு உண்டாகிறது. பால் கொடுத்தவர் தாய். அவர் கணவர் தந்தை. அவர் பிள்ளைகள் உடன்பிறப்புகள். சொத்துரிமை வராது, ஆனால் அவர்களுக்குள் திருமணம் கூடாது. ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை மணக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, ஹம்ஸா தமக்குப் பால்குடிச் சகோதரர் என்று கூறி மறுத்துவிட்டார்கள். இருவருக்கும் பால் கொடுத்தவர் சுவைபா என்ற அடிமைப் பெண்.

ஷாபிஈ மத்ஹபில், இரண்டு வயதுக்குள், தனித்தனியாக ஐந்து முறை குடித்திருந்தால்தான் இந்த உறவு நிலைபெறும். ஹனபி மத்ஹபில் ஒரு முறை குடித்தாலே போதும். நம் ஜமாஅத்தில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். அண்டை அயலாரான மலாய்ச் சகோதரர்கள் ஷாபிஈ. ஆகையால், “ஒரு தடவைதானே” என்று ஒரு வீட்டார் மறந்துவிட்டதை மற்ற வீட்டார் மறக்க முடியாது. கறந்து புட்டியில் ஊற்றிக் கொடுத்தாலும் பெரும்பாலான இமாம்களிடம் இதே சட்டம்தான். மாட்டுப் பாலிலிருந்து செய்த பால்மாவால் எந்த உறவும் வராது.

இரட்டைப் பிள்ளைகளில் இது எப்படிச் சிக்கலாகும் என்று பாருங்கள். பால் குடித்த பிள்ளைக்கு மட்டுமே உறவு. குடிக்காத இரட்டைக்கு அந்த வீட்டார் அன்னியரே. இரண்டும் பெண் குழந்தைகள் என்றால், இருபது வருடம் கழித்து அண்டை வீட்டு மகனை ஒருத்தி மணக்கலாம். மற்றவள் மணக்கக் கூடாது. முகமோ அச்சில் வார்த்தாற்போல ஒன்று! அன்று நள்ளிரவில் பால் கொடுத்தது பாத்திமாவுக்கா, ஸைனபுக்கா என்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? எனவே எழுதி வையுங்கள். எந்தப் பிள்ளை, யாரிடம், எந்தத் தேதி, எத்தனை முறை. இரு வீட்டாரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். ஐந்து ரிங்கிட் கைமாற்றைப் பேரேட்டில் ஏற்றும் நமக்கு இது பெரிய வேலையல்ல. தாய்ப்பால் வங்கி அமைப்பது பற்றிய கேள்வி எழுந்தபோது, இந்நாட்டின் தேசிய பத்வா குழு 2011இல் அதற்கு அனுமதி இல்லை என்று முடிவு செய்ததும், இப்படிப் பால் உறவு யாரோடு யாருக்கு என்று கலந்துவிடும் என்பதை முன்னிட்டே.

பணிப்பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டிய சில உண்டு. தாயைக் கேட்காமல் பிள்ளையின் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. வசம்பும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் தரவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப் பிள்ளையின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். தேனில் ஷிபா உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பிள்ளைக்கு வயது வரட்டும். புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு மற்றப் பிள்ளையிடம் போவது இரட்டையர் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. பால் மூச்சுக் குழலுக்குள் போய்விடும். பிள்ளைகளை மல்லாக்கவே கிடத்த வேண்டும், தனித்தனித் தொட்டிலில்.

ஜவுளிக் கடைக்காரர்களுக்கு விசேஷமாக ஒரு வார்த்தை. இந்நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற சத்துக் குறைவு உண்டா என்று இரத்தம் சோதித்துச் சொல்கிறார்கள். அக்குறை உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டையின் நெடியே இரத்தத்தை முறித்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். கடைப் பெட்டியிலிருந்து எடுத்த துணியை உதறிப் பிள்ளைக்குப் போர்த்துவதை அறவே நிறுத்துங்கள். பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகம் எங்கே இருக்கிறது, தாதி வீட்டுக்கு வந்தால் எதைக் காட்ட வேண்டும், தாய் மயங்கிக் கிடந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது பணிப்பெண்ணுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கூலிக்கு வருவோம். பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது, பேசியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என்று மேற்சொன்ன வசனத்திலேயே நிபந்தனை இருக்கிறது. ஆளை வைத்து முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக இறைவன் கூறுகிறான் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. “ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன், என்னிடமே இருக்கட்டும்” என்பதும் கூலியைத் தடுத்து வைப்பதுதான். ஆண் இரட்டையர் பிறந்தால் நம்மவர்கள் பிள்ளைக்கு இரண்டாக நான்கு ஆடு அறுத்து அகீகா கொடுக்கிறார்கள். ஸுன்னத்தான காரியம், மாஷா அல்லாஹ். நான்கு ஆட்டின் விலையை விசாரித்துப் பாருங்கள். அந்த விருந்தைத் தாராளமாக நடத்திய கை, அந்தப் பிள்ளைகளுக்காக இரவெல்லாம் விழித்திருப்பவளின் மாதச் சம்பளத்தில் ஐம்பது ரிங்கிட்டுக்குப் பேரம் பேசுகிறது.

இந்தோனேசியப் பெண்களை ஏஜெண்டு மூலம் எடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டு வீடுகளில் பணிப்பெண்கள் பட்ட கொடுமைகளைக் கேட்டு, 2009 ஜூனில் இந்தோனேசியா தன் பெண்களை இங்கே அனுப்புவதையே நிறுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது நீடித்தது. பாஸ்போர்ட்டைப் பணிப்பெண்ணே வைத்துக்கொள்ளலாம், வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு என்பவை 2011இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த பிறகே தடை நீங்கியது. 2022 ஏப்ரல் 1இல் கையெழுத்தான புது ஒப்பந்தத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட் என்று வகுக்கப்பட்டது. 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளரையும் பெர்கேசோவில் பதிய வேண்டும். 2023 ஜனவரி முதல் தொழிலாளர் சட்டத்தில் ‘வேலைக்காரர்’ என்ற சொல் நீங்கி ‘வீட்டுத் தொழிலாளர்’ என்றாயிற்று. ஆனாலும் வேலை நேரம், விடுமுறை பற்றிய பிரிவுகள் பல இன்னமும் அவர்களைச் சேரவில்லை. சட்டம் விட்ட இடத்தை ஈமான் உள்ளவன் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போர் அதை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் கீழ் வேலை செய்வோர் நம் சகோதரர்கள், நாம் உண்பதை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும், தாங்க முடியாத வேலையை ஏற்றக் கூடாது, ஏற்றினால் நாமும் கை கொடுக்க வேண்டும் என்பது நாயகத்தின் கட்டளை. அவர்கள் அதை வாழ்ந்தும் காட்டினார்கள். பால் கொடுத்த சுவைபாவுக்கு, மதீனா சென்ற பிறகும் அவர் இறக்கும் வரை உடையும் அன்பளிப்பும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள் என்று சரித்திரத்தில் காண்கிறோம். ஹலீமா நாயகியின் வீட்டில் குழந்தை முஹம்மதைத் தூக்கித் திரிந்தவர் அவருடைய மகள் ஷைமா. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போர் முடிந்தபோது, ஷைமா கைதிகளோடு கொண்டுவரப்பட்டார். அடையாளம் தெரிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அவரை அமரச் செய்தார்கள். பிறகு அக்கூட்டத்தின் தூதுக்குழு வந்து, கைதிகளில் தங்களுக்குப் பால்குடி முறையில் சிறிய தாய்மார் இருக்கிறார்கள் என்று நினைவூட்டியபோது, ஆறாயிரம் பேர் அளவுக்கு விடுதலை பெற்றார்கள்.

கடைசியாக விடுமுறை. நோன்புப் பெருநாளைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று பணிப்பெண் கேட்டால், “இந்தச் சமயத்திலா, பிள்ளைகளை யார் பார்ப்பது?” என்று முகம் சுளிக்க வேண்டாம். அவளுக்கும் அங்கே பிள்ளைகள் இருக்கலாம். ஷவ்வால் பிறந்த அன்று நம் கடைகளும் அடைத்துத்தான் இருக்கும். பிள்ளைகளின் அத்தா வீட்டில் சும்மாதான் இருப்பார். தொழுகை முடிந்து வந்ததும் ஒரு பிள்ளையை அவர் தூக்கிக்கொள்ளட்டும், மற்றதைப் பெரியாப்பா தூக்கிக்கொள்வார்.